மழைக்கு முளைக்கும் பாசியும் நாம் சுமந்த மருந்தும்

சென்ற மாதம் பேரா மாநிலத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். கித்தா மரங்கள் நின்ற காலத்தில் நூறு குடும்பங்களுக்கு மேல் வாழ்ந்த இடம். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முதல் நாள் இரவு நல்ல மழை. மாரியம்மன் கோயில் திடலில் கால் வைத்தவுடனே சறுக்கியது. குனிந்து பார்த்தால், கல் பரப்பிய தரையில் அங்கங்கே கரும்பச்சை நிறத்தில் கூழ் கூழாக ஏதோ ஒன்று, சீனர் கடையில் விற்கும் கறுப்புக் காளானைத் தண்ணீரில் ஊறப் போட்டது போல உப்பிக் கிடந்தது.

"பாத்து வாங்க தம்பி, வழுக்கும்" என்று குரல் கொடுத்தார், கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். வயது எழுபதைத் தாண்டியவர். இருபத்திரண்டு வருடம் அதே தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். நாம் பத்திரிகையில் எழுதுகிறவர் என்று தெரிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இது என்னா தம்பி? மழை பேஞ்சா முளைக்குது, வெயில் அடிச்சா காஞ்ச காகிதமாட்டம் ஒட்டிக்கிட்டு கெடக்குது. நாங்க மருந்து அடிச்ச காலத்துல இத நான் பாத்ததே இல்ல. இப்ப ரெண்டு மூணு வருசமாத்தான். எங்க மருந்துல இதுவும் செத்துக்கிட்டு இருந்திச்சா?"

நின்ற இடத்தில் நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன்மா" என்று வந்துவிட்டோம். வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், அந்த அம்மாள் கேட்டது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று தெரிந்தது. இந்த வாரப் பகுதி அவருக்கான பதில். அவரைப் போல முதுகில் பம்பைச் சுமந்து நிரை நிரையாக நடந்த எல்லாருக்குமான பதிலும்தான்.

திடலில் கிடந்த கூழுக்கு நாஸ்டாக் என்று பெயர். நீலப்பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்தது. பாசி என்று வழக்கத்தில் சொல்கிறோமே தவிர, உண்மையில் இது வெயிலில் உணவு சமைக்கத் தெரிந்த பாக்டீரியா. கூழைக் கொஞ்சம் கிள்ளி நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் பாசிமணி மாலைகளைக் கொட்டியது போலத் தெரியும். மணி ஒவ்வொன்றும் ஓர் உயிரணு. இந்தக் குடும்பத்தில் ஒன்றை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். சீனப் புத்தாண்டு விருந்தில் கறுப்பு மயிர்க் கற்றை போல ஒன்று பரிமாறுவார்களே, ஃபாட் சோய், அதுவும் நாஸ்டாக்தான். சீன நாட்டின் வறண்ட புல்வெளிகளில் வளர்வது. அதை வாரி வாரி நிலம் பாழாகிறது என்று 2000-ஆம் ஆண்டில் சீன அரசு அறுவடையையும் விற்பனையையும் தடை செய்தது. (அதற்காக நமது திடலில் கிடப்பதை யாரும் வாரிச் சமைக்க வேண்டாம். எந்தெந்த மருந்து ஊறிய மண்ணோ!)

இந்தக் கூழிடம் ஒரு பெரிய திறமை இருக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு, கணக்காகச் சொன்னால் 78 விழுக்காடு, நைட்ரஜன். பயிருக்குத் தழைச்சத்து என்பது அதுதான். ஆனால் செம்பனையோ நெல்லோ நாமோ அதைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் யூரியா மூட்டை. கெடாவில் குரூணிலும் சரவாக்கில் பிந்துலுவிலும் இருக்கிற ஆலைகளில், எரிவாயுவை மூலப்பொருளாக வைத்து, 400, 500 பாகை வெப்பத்திலும் கடுமையான அழுத்தத்திலும் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறும். 2022-ல் உக்ரேன் போர் தொடங்கியபோது உர விலை எப்படிப் பறந்தது என்பதை, சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருக்கும் நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆலையில் அத்தனை நெருப்பு மூட்டிச் செய்கிற வேலையை, கோயில் திடலில் கிடந்த கூழ் சாதாரண வெப்பத்தில், சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

நெல் வயலில் ஆண்டாண்டாக உரமே போடாவிட்டாலும் ஓரளவு விளைச்சல் வருவதற்கு இந்தப் பாசிகளே முக்கிய காரணம் என்பதை, பி.கே.டே என்ற இந்திய விஞ்ஞானி 1939-ல் நிலைநாட்டினார். நல்ல வயலில் ஒரு பருவத்துக்கு ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை நைட்ரஜன் இதனால் சேரும் என்பது பொதுவான மதிப்பீடு. 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ நைட்ரஜன். ஆக, ஹெக்டேருக்கு ஒரு மூட்டைக்குச் சமம்.

ஒரே வீட்டில் இரண்டு எதிரிகள்

சரி, இவ்வளவு நல்ல வேலையை எல்லாச் செடியும் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? இங்கேதான் சிக்கல்.

நைட்ரஜனைப் பிடிக்கிற புரதத்துக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். இரும்பும் மாலிப்டினமும் கலந்த புரதம். அதற்குப் பிராணவாயு ஆகவே ஆகாது. பட்டால் கெட்டுப்போகும், திரும்பச் சரியாகாது. பாசியோ வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து பிழைப்பது. ஒளிச்சேர்க்கை செய்தால் தண்ணீர் உடையும். தண்ணீர் உடைந்தால் பிராணவாயு வெளியே வரும். ஒரு கையால் உண்டாக்குகிற காற்றே இன்னொரு கையில் இருக்கிற கருவியைக் கெடுக்கிறது. வெடிமருந்துக் கிடங்குக்குள் அடுப்பு மூட்டியது போன்ற நிலைமை.

நமது கொடிச்செடிக்கும் இதே தொல்லை உண்டு. கித்தாக் கன்று வைத்த புதிதில் நிரைகளுக்கு நடுவே மண்ணை மூடப் போடுவோமே, அந்தக் கொடியின் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் புரதம் அது. பிராணவாயுவைக் கட்டி வைத்து, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவின் நைட்ரஜனேஸைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தப் பாக்டீரியா ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. சாப்பாடு கொடி போடுகிறது. நீலப்பச்சைப் பாசிக்கு அந்த வசதி கிடையாது. சமையலும் அதுவே, உரம் செய்வதும் அதுவே.

அது எப்படிச் சமாளிக்கிறது என்பதைச் சொல்ல, ஒளிச்சேர்க்கையின் எந்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஸ்டோரில் பால் உறைய வைத்து ஷீட் உருட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் வழுவழுப்பான உருளை, அடுத்தது வரி போடும் உருளை. ஷீட் ஒன்றிலிருந்து வெளிவந்து மற்றொன்றில் நுழையும். இலையிலும் பாசியிலும் அதே மாதிரி இரண்டு எந்திரங்கள். முன் எந்திரம் வெயிலை வாங்கித் தண்ணீரை உடைக்கும். பிராணவாயு வெளியே போகும். மின்சாரத்தின் துகள்கள் பின் எந்திரத்துக்குப் போகும். பின் எந்திரம் மறுபடியும் வெயிலை வாங்கி அந்த மின்துகள்களுக்கு உந்து சக்தி கொடுக்கும். விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைத்ததால் முன்னால் இருப்பதற்கு 'இரண்டு' என்றும் பின்னால் இருப்பதற்கு 'ஒன்று' என்றும் பெயர் அமைந்துவிட்டது. நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்; முன் எந்திரம், பின் எந்திரம் என்றே வைத்துக்கொள்வோம்.

பிராணவாயு வருவது முன் எந்திரத்தில் மட்டும். அதன் நடுவில் இருப்பது டி-1 என்ற புரதம். புரதம் என்பது மணி கோத்த மாலை என்று வைத்துக்கொண்டால், டி-1 சுமார் 350 மணிகள் கோத்த மாலை. எந்திரத்திலேயே அதிகம் அடிபடுவதும் இதுதான். கடும் வெயிலில் அரைமணி, ஒருமணிக்கு ஒரு முறை பழுதாகும். உயிரணு பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டும். பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டாமா, அதுபோல.

இனி நமது அம்மாளின் கேள்விக்கு வருவோம்.

மருந்து போய் உட்கார்ந்த இடம்

தோட்டங்களில் நெடுங்காலம் அடித்த களைக்கொல்லிகளில் டையூரான் ஒன்று. வெள்ளைத் தூளாக வரும், தண்ணீரில் கலக்குவோம். அந்த மருந்து புல்லின் உடம்புக்குள் போய் எங்கே உட்காருகிறது தெரியுமா? டி-1 புரதத்தில் மின்துகள் ஏறிப் போகிற வாகனம் ஒன்று வந்து நிற்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தை டையூரான் அடைத்துக்கொள்கிறது. பின்னால் வருவது வந்தபடியே நிற்கிறது. வெயில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். போக வழியில்லாத சக்தி இலையையே தீய்த்துவிடும். புல்லுக்கும் செடிக்கும் மட்டுமல்ல, திடலில் கிடக்கும் பாசிக்கும் இதே டி-1 இருக்கிறது. ஆகவே, டையூரான் பட்டால் அதன் ஒளிச்சேர்க்கையும் நிற்கும். அம்மாள் கேட்டது சரிதான். அந்தத் திடலில் பாசி இல்லாமல் போனதற்கு மருந்து ஒன்றே காரணம் என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. நிழல், மிதிபாடு, மண்ணின் புளிப்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் மருந்தடித்த தரையில் பாசி பிழைப்பது கடினம் என்பதில் ஐயமில்லை.

அடுத்தது பாராகுவாட். இதைத் தெரியாத தோட்டப் பாட்டாளி கிடையாது. இது வேலை செய்வது பின் எந்திரத்தில். அங்கிருந்து வெளிவரும் மின்துகளைப் பறித்துப் பிராணவாயுவின் தலையில் கட்டிவிடும். மின்துகளை வாங்கிய பிராணவாயு வெறி பிடித்தது போலாகி உயிரணுவின் சுவர்களை அரித்துத் தள்ளும். வெயில் நாளில் காலையில் அடித்தால் சாயங்காலத்துக்குள் புல் வாடுவது இதனால்தான். மனிதனுக்குப் பச்சையம் கிடையாது என்று நிம்மதி அடைய வழியில்லை. பாராகுவாட் உடம்புக்குள் போனால் நுரையீரலில் போய்ச் சேருகிறது. அங்கேயும் மின்துகள் உண்டு, பிராணவாயுவும் தாராளமாக உண்டு. இலையில் நடந்ததே நுரையீரலிலும் நடக்கிறது.

"மூக்குல ரத்தம் வரும் தம்பி. நகம் கறுத்துக் கழண்டு விழும். கையுறை, முகமூடின்னு கொடுப்பாங்க. அந்த வெக்கையில அதக் கட்டிக்கிட்டு எப்படி நடக்கிறது? பம்பு வேற முதுகுல ஒழுகும்" என்றார் அந்த அம்மாள். இதை அவர் ஒருவர் மட்டும் சொல்லவில்லை. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகனித்தா அமைப்பு, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களைப் பற்றி 2002-ல் வெளியிட்ட அறிக்கையிலும் இப்படிப்பட்ட துன்பங்கள் பதிவாகியிருக்கின்றன. அதே 2002-ல் மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடுக்க முடிவு செய்தது. 2006-ல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. இடையில் போன ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

மருந்து இப்படி டி-1 புரதத்தைக் குறிபார்த்து அடிக்கிறதே, அந்தப் புரதம் மாறினால்? 1985-ல் அமெரிக்காவில் சூசன் கோல்டன், ராபர்ட் ஹாசல்கார்ன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு நீலப்பச்சைப் பாசியை வைத்து இதைக் காட்டினார்கள். டையூரானில் சாகாத ஒரு பாசி கிடைத்தது. ஆராய்ந்தால், டி-1 மாலையில் 264-வது மணி மட்டும் மாறியிருந்தது. 350 மணியில் ஒரே ஒரு மணி! மருந்து உட்கார இடமில்லாமல் போய்விட்டது. அது நைட்ரஜன் பிடிக்காத இனம் என்றாலும் புரதம் அதே புரதம்தான். அமெரிக்க வயல்களில் இதே போன்ற வேறொரு மருந்துக்குச் சாகாமல் நின்ற களைகளிலும் அதே 264-வது மணிதான் மாறியிருந்தது. "போன வருசம் செத்த புல்லு இந்த வருசம் சாவல" என்று மண்டோரிடம் சொல்லித் திட்டு வாங்கியவர்கள் நம்மில் உண்டு. சில களைகளில் அதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒரு மணி.

மாற்று உறுப்பு வைத்திருக்கும் பாசி

புல்லுக்கும் மரத்துக்கும் டி-1 செய்வதற்கு ஒரே ஒரு மாதிரிப் படிவம்தான் உண்டு. நீலப்பச்சைப் பாசியிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. நாஸ்டாக்கின் நெருங்கிய உறவான அனபீனா என்ற பாசியின் ஓர் இனத்தில் ஐந்து படிவங்கள் இருக்கின்றன. லாரி ஓட்டுகிறவர் மாற்று டயர் வைத்திருப்பது போல என்று சொன்னால் பாதிதான் சரி. மாற்று டயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இங்கே ஒன்று கடும் வெயிலுக்கு, இன்னொன்று வேறு நேரத்துக்கு என்று வேறுபாடு உண்டு.

அந்த வேறுபாடுதான் நைட்ரஜன் விவகாரத்தில் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் எடுத்த சயனோதீஸ் என்ற பாசி தனித்தனி உருண்டையாக வாழ்வது. பகலில் ஒளிச்சேர்க்கை செய்து மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இருட்டியதும் அந்த மாவை எரித்துக்கொண்டு நைட்ரஜன் பிடிக்கும். விடியலில் மரம் வெட்டி, பிறகு பால் எடுத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோவது மாதிரி வேலையை நேரத்தால் பிரித்துக்கொண்டது. இராத்திரியில் வெயிலே இல்லையே, பிராணவாயு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். எதிர்பாராமல் வெளிச்சம் பட்டுவிட்டால்? அதற்கும் முன்னேற்பாடு இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றும் ஹிமாத்ரி பக்ராசியும் கூட்டாளிகளும் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தப் பாசி இருளில் வேறொரு டி-1 புரதத்தைச் செய்து முன் எந்திரத்தில் பூட்டிக்கொள்கிறது. தண்ணீரை உடைக்கும் மாங்கனீசுக் கொத்தைப் பிடித்து வைக்க வேண்டிய மணிகள் அந்தப் புரதத்தில் மாறியிருக்கின்றன. ஆகவே, எந்திரம் முழுசாக நிற்கும், ஆனால் ஓடாது. வெளிச்சமே பட்டாலும் பிராணவாயு வராது. அதற்குக் 'காவலாள் டி-1' என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். ஸ்டோர் மெஷினின் பெல்ட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகிற வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள்.

திடலில் கிடந்த நாஸ்டாக்கின் வழி வேறு. அது நேரத்தைப் பிரிக்கவில்லை, ஆளைப் பிரித்தது. மண்ணில் தழைச்சத்து குறைந்தால், மாலையில் பத்துப் பதினைந்து மணிக்கு ஒரு மணி தனியாக மாறத் தொடங்கும். ஒரு நாளில் மாற்றம் முடிந்துவிடும். சுவரைக் கனமாக்கிக்கொள்ளும், பிராணவாயு உண்டாக்குகிற முன் எந்திரத்தை நிறுத்திவிடும், பின் எந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெயிலிலிருந்து சக்தி எடுத்து நைட்ரஜன் பிடிக்கும். அதற்குச் சாப்பாடு? பக்கத்து மணிகள் சர்க்கரை கொடுக்கின்றன. பதிலுக்கு அது தழைச்சத்தைக் கொடுக்கிறது. இப்படி மாறிய மணி மறுபடி பழையபடி ஆவதில்லை. பிள்ளை பெறுவதும் இல்லை. லயத்தில் ஒரு வீட்டுக் காரியத்தைப் பத்து வீடு தாங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நைட்ரஜன் பிடிக்கும் இடம் இந்த மணிதானா என்ற கேள்வியை 1968-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஃபே, ஸ்டூவர்ட், வால்ஸ்பி, ஃபாக் ஆகியோர் எழுப்பினார்கள். அக்காலப் பரிசோதனைகளில் அவர்கள் துறையினருக்கு உதவியது எது தெரியுமா? நாம் அடித்த டையூரான்! பாசியின் மேல் டையூரான் விட்டால் பிராணவாயு நின்றது, ஆனால் நைட்ரஜன் பிடிப்பது உடனே நிற்கவில்லை. சேமிப்பு தீரும் வரை நடந்தது. மருந்து அடைக்க வேண்டிய எந்திரம் அந்த மணியில் ஓடவே இல்லையே!

இன்னொரு வகை மாற்றத்தை நீங்கள் கண்ணாலேயே காணலாம். பாசி சில இடத்தில் நீலப்பச்சையாகவும் சில இடத்தில் செம்பழுப்பாகவும் இருக்கும். பச்சையம் தவிர, வெளிச்சத்தை வாரிக் கொடுக்கும் வேறு புரதங்களும் இதனிடம் உண்டு. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. 1902-ல் பெர்லினில் ஆய்வு செய்த கைதுகோவ் என்ற ருஷ்யர், வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விட்டு வளர்த்தால் பாசி நிறம் மாறுவதைக் கண்டு எழுதினார். சைக்கஸ் செடியின் வேருக்குள் குடியிருந்து நைட்ரஜன் பிடிக்கும் நாஸ்டாக் இனம் ஒன்று, பச்சை வெளிச்சத்தில் வைத்தால் அதைப் பிடிக்கத் தோதான சிவப்புப் புரதத்தைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. துரை பங்களா வாசலில் அழகுக்கு வைத்திருப்பார்களே, குட்டைப் பனை மாதிரி, அந்தச் செடி சைக்கஸ்தான். ஃபிஷரெல்லா போன்ற சில பாசிகள் இன்னும் ஒரு படி மேல். அடர்ந்த நிழலில் நம் கண்ணுக்குத் தெரியாத தூரச் சிவப்பு ஒளி மட்டும் கிடைத்தால், டி-1 உட்பட எந்திரத்தின் பல புரதங்களையே மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த ஒளியிலும் சமைக்கின்றன.

இந்த நீல, சிவப்புப் புரதங்கள் உயிரணுவின் புரதத்தில் பெரும்பங்கு. தழைச்சத்துப் பஞ்சம் வந்தால் பாசி முதலில் இவற்றைத்தான் உடைத்துச் சாப்பிடும், வெளுத்தும் போகும். பள்ளிக்கூடச் செலவு வந்தால் சங்கிலி அடகுக் கடைக்குப் போவது மாதிரி. கஷ்டம் தீர்ந்ததும் திரும்பச் செய்துகொள்ளும். அந்த ஒரு விஷயத்தில் பாசி நம்மைவிடக் கெட்டிக்காரன்.

முன் எந்திரத்தையே அடியோடு தூக்கி எறிந்த பாசியும் உண்டு. 1998-ல் பசிபிக் கடல் நீரில் அதன் தடயத்தைக் கலிபோர்னியாவின் ஜொனதன் ஸேர் குழுவினர் கண்டார்கள். தண்ணீரை உடைக்கும் எந்திரம் இல்லாத நீலப்பச்சைப் பாசி எப்படிப் பிழைக்கும் என்று எல்லாருக்கும் திகைப்பு. அது வேறொரு கடற்பாசியின் உயிரணுவோடு ஒட்டி வாழ்வது 2012-ல் தெரிந்தது. அந்தக் கடற்பாசியை ஜப்பானில் கியோக்கோ ஹகினோ என்ற பெண் விஞ்ஞானி பத்து ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கொடுத்தார். 2024-ல், இது குடியிருக்க வந்த விருந்தாளி அல்ல, அந்த உயிரணுவின் உறுப்பாகவே ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். நைட்ரஜன் பிடிக்க உடம்பிலேயே ஓர் உறுப்பு! இது நெல்லுக்கு வாய்க்குமா என்று பலர் உழைக்கிறார்கள். பக்ராசி குழுவினர் 2018-ல் சயனோதீஸின் நைட்ரஜன் பிடிக்கும் மரபணுக்களை, அந்தத் திறமையே இல்லாத வேறொரு பாசிக்குள் வைத்து ஓரளவு வேலை செய்ய வைத்தார்கள். பாசியிலிருந்து பயிருக்கு வர வழி இன்னும் நீளம். ஆனால் வந்தால், உர மூட்டை சுமந்த முதுகுகளுக்கும் உரம் வாங்கிக் கட்டுப்படியாகாத கைகளுக்கும் அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

அதற்குள், "நீலப்பச்சைப் பாசித் தூள், செம்பனைக்குப் போட்டால் உரமே வேண்டாம்" என்று யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் பணத்தை எடுத்துவிடாதீர்கள். இந்தப் பாசிகளில் பெரும்பாலானவை புளிப்பு மண்ணில் செழிப்பதில்லை. நமது தோட்டத்து மண்ணோ பெரும்பாலும் புளிப்பு. முதிர்ந்த செம்பனைக்கு அடியில் வெளிச்சமும் போதாது. வெயிலும் தண்ணீரும் நிற்கிற நெல் வயல் வேறு, நமது பிளாக் வேறு. நமக்குக் கொடிச்செடிதான் கைகண்டது. இன்னொன்று: பாழடைந்த ஈயக் குட்டைகளில் பச்சைச் சாயம் கொட்டியது போல மிதப்பதும் இந்த இனம்தான். அதில் சில நஞ்சு கக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள்.

இதையெல்லாம் தொலைபேசியில் அந்த அம்மாளுக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். டி-1, மாங்கனீசு எல்லாம் அவர் காதில் எவ்வளவு ஏறியதோ. பாசிக்கு ஐந்து படிவம் உண்டு என்றதும் மட்டும் நிறுத்தினார்.

"பாசிக்கு அஞ்சு இருக்கா? எனக்கு இருக்கிறது ஒரு நெஞ்சுதான் தம்பி. படி ஏறினா வாங்குது."

மருத்துவரிடம் போனாரா என்று கேட்டோம். போனாராம். மருந்தடித்த வேலையைப் பற்றிச் சொன்னாரா? "அவரு கேக்கல, நானும் சொல்லல" என்றார். வாசகர்களில் பம்பு சுமந்தவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்தெந்த மருந்து அடித்தீர்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, வாரத்தில் எத்தனை நாள் என்பதை ஒரு தாளில் பிள்ளைகளை விட்டு எழுதி வையுங்கள். உடன் வேலை செய்தவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சம்பளச் சீட்டு, வேலை அட்டை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மூச்சுத் தொல்லைக்குக் கிளினிக் போனால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். தொழிலால் வந்த நோய்க்குப் பெர்கெசோவில் மனுச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. மனு நிற்குமா, நிற்காதா என்பதை அவர்கள் பார்க்கட்டும். காகிதம் இல்லாவிட்டால் பேச்சையே எடுக்க முடியாது.

அம்மாள் தன் பேத்தியை விட்டு எழுதச் சொல்வதாகச் சொன்னார். பாராகுவாட் என்ற பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். வைக்கப் போன நேரத்தில், "இருங்க தம்பி, அந்தக் கூழு கூழா கெடக்குதே, அதச் சுரண்டி எடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

எடுக்கலாம், தப்பில்லை, யாராவது வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள் என்றோம்.

"நடக்கிற எடத்துல மட்டும் சுரண்டிடுறேன். அரச மரத்து ஓரமா கெடக்கிறத விட்டுடுறேன். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."